அடியிலிருந்து நிரப்பிய விடைத்தாள்

சர்வதீர்த்தக் குளத்தைச் சுற்றிக் காலையில் நடந்துவிட்டு, படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொள்ளும் நம் கூட்டத்தில் நேற்று ஒரு பேச்சு வந்தது. சின்ன வயதில் யார் எதற்கு அதிகம் பயந்தோம் என்று. ஒருவர் பேய் என்றார். ஒருவர் கணக்கு வாத்தியார் என்றார். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் தன் அண்ணனின் பெல்ட்டைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். என் முறை வந்தபோது பல்லி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது பொய். பல்லியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்க்கிறவள் நான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நாளைக்குக் கேலி செய்துகொள்ளுங்கள்.

நான் பயந்தது ஒரு தாளுக்கு. நாற்பது வரி, வரிக்கு நான்கு கட்டம். அவ்வளவுதான். அந்தக் கோடை முழுக்க அந்தத் தாள் என்னைத் தின்றது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. அப்பா நெய்கிறவர் இல்லை, நெய்கிறவர்களுக்கு அட்டை குத்திக் கொடுக்கிறவர். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. சேலைக்கரையில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் அந்த ஓட்டைகளால்தான். அப்பா முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் கறுப்படித்து டிசைன் போடுவார். பிறகு அதை வரி வரியாகப் படித்துக்கொண்டே சுத்தியால் அட்டையில் குத்துவார். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அந்த டொக் டொக்குக்கு நடுவில்தான் நடக்கும்.

ஏழு வயதிலேயே எனக்குக் கட்டம் நிரப்பக் கை பழகிவிட்டது. அப்பா ஓரம் போட்டுக் கொடுப்பார், நான் உள்ளே கறுப்படிப்பேன். எப்போதும் அடிவரியில் தொடங்கி மேலே போக வேண்டும். தறியில் பூ அடியிலிருந்துதானே முளைத்து வரும்? அதனால் எங்களுக்கு முதல் வரி என்றால் அடியில் இருப்பது, கடைசி வரி என்றால் உச்சியில் இருப்பது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சோற்றை வலது கையால் சாப்பிடுவது மாதிரி தானாகவே வந்தது.

ஒரு கட்டம் தவறினால் அப்பாவின் முகம் மாறும். அடிக்கமாட்டார். அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். "இந்த ஒரு ஓட்ட தப்பாச்சுன்னா ஒரு சேல போச்சும்மா" என்பார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். அவரே தவறிக் குத்திய ஓட்டைகளை அடைக்க, பசை தடவிய சின்னச் சின்ன காகித வட்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்த டப்பா அவருக்கு மட்டும்தான்.

நான் நான்காவது படித்துக்கொண்டிருந்த வருஷம், வாலாஜாபாத் போகிற சாலையில் இருந்த ஆங்கிலப் பள்ளியின்மேல் அப்பாவுக்கு ஆசை வந்தது. பட்டுக்கடை முதலாளி வீட்டுக்கு டிசைன் கொடுக்கப் போனபோது, முதலாளியின் மகன் டெலிபோனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தானாம். அப்பா படிதாண்டி உள்ளே போகாமல் அதை நின்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் குரலே வேறாக இருந்தது. அந்தப் பள்ளியில் காசு கட்டினால் மட்டும் சேர்க்கமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, சேர வருகிற எந்தப் பிள்ளையும் மே மாதம் நுழைவுப் பரிட்சை எழுத வேண்டும். கேள்விக்கு விடையெல்லாம் எழுத வேண்டாம், நான்கில் எது சரியோ அந்தக் கட்டத்தைப் பென்சிலால் கறுப்படித்தால் போதும். இதைக் கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார். தன் மகளுக்கென்றே யாரோ அந்தப் பரிட்சையைக் கண்டுபிடித்தது மாதிரி பார்த்தார்.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் என்னை உலுக்கியது. ஏப்ரல் கடைசியிலேயே முனிசிபல் பள்ளிக்குப் போய் என் டி.சி.யை வாங்கிவிட்டார். தலைமையாசிரியை, பரிட்சை முடிவு வரட்டுமே, இப்போது வாங்கிக்கொண்டு போய்விட்டு ஜூனில் திரும்பி வந்தால் இடம் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். அப்பா கேட்கவில்லை. நம்பிக்கை இல்லாதவர் மாதிரி தெரிந்துவிடுமே என்று கூச்சம். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள் பச்சை மசியால் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கோடு இழுத்ததைப் பார்த்தேன்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்து என்ன புரியும்? இந்தப் பள்ளியில் நான் இல்லை. அந்தப் பள்ளியில் இன்னும் இல்லை. அந்தத் தாளில் தவறு செய்தால் எந்தப் பள்ளியிலும் இருக்கமாட்டேன். என்னோடு படித்தவர்கள் ஜூன் மாதம் புதுப் புத்தகத்துக்கு அட்டை போடும்போது நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இரவும் பகலும் இதே நினைப்புதான். சோறு இறங்கவில்லை. அம்மா, வெயில் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள்.

பரிட்சைத் தாள் எப்படி இருக்கும் என்று அப்பாவே ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். முதலாளி வீட்டு மேஜையில் போன வருஷத்து மாதிரித் தாள் கிடந்திருக்கிறது. கேட்டு வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே பார்த்திருக்கிறார். எந்த டிசைனையும் ஒருமுறை பார்த்தால் வீட்டுக்கு வந்து அப்படியே போடக்கூடிய ஆள். அன்று மாலையே கிராஃப் தாளில் நாற்பது வரி, வரிக்கு நான்கு கட்டம் என்று அச்சாகப் போட்டுவிட்டார். ஓரத்தில் வரி எண்ணும் எழுதினார். அடிவரியில் ஒன்று, உச்சியில் நாற்பது. முதலாளி வீட்டுத் தாளில் எண் எங்கிருந்து தொடங்கியது என்று அவர் பார்க்கவே இல்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

தினமும் ஒரு தாள். அம்மா பட்டு நூல் சுற்றிக்கொண்டே கேள்வி படிப்பாள், நான் கட்டம் நிரப்புவேன், அப்பா பின்னால் நிற்பார். பகலில் டியூஷன் மிஸ்ஸிடம் இங்கிலீஷும் பொது அறிவும். அவர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, இந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் பயந்துவிட்டால் கண் முன்னால் இருப்பது தெரிவதில்லை, கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள் என்று சொன்னார். அப்பா சுத்தியைக் கீழே வைக்காமல் பதில் சொன்னார்.

"பயம் இருக்கட்டும் மிஸ். பயம் இருந்தாத்தான் கை சுத்தமா வரும். நான் இன்னிக்கும் பயந்துக்கினுதான் குத்தறேன்."

பயிற்சித் தாளை மட்டும் மிஸ்ஸிடம் அவர் காட்டவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடுமாம். காட்டியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் சரியாகியிருக்கும். எத்தனையோ முறை இதை நினைத்து எரிச்சல் பட்டிருக்கிறேன்.

பரிட்சை அன்று அப்பா என்னைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். அம்மா பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. பள்ளி வாசலில் புளியமர நிழலில் பெற்றவர்கள் கூட்டம். எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆஸ்பத்திரி வாசலில் பேசுகிற மாதிரி. உள்ளே பினாயில் வாசனை. அறை வாசலில் ஒரு டீச்சர் பிஸ்கட் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லோருடைய ரப்பரையும் அதில் போடச் சொன்னார். அழிக்கக் கூடாது, அழித்தால் தாள் செல்லாது, வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று மூன்று முறை சொன்னார். என்னுடைய பாதி தேய்ந்த ரப்பரை அந்த டப்பாவுக்குள் போட்டுவிட்டு, அது எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்த்தேன்.

விடைத்தாள் சைக்ளோஸ்டைல் தாள். ஊதா மசி. ஓரத்தில் எண்கள் இருந்தன, ஆனால் பாதி விழுந்தும் பாதி விழாமலும் இருந்தன. நான் எண்ணைப் பார்க்கவில்லை. கட்டத்தைத்தான் பார்த்தேன். கை அடிவரிக்குப் போய்விட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், கேள்விகள் எல்லாம் தெரிந்தவையாக இருந்தன. ஐந்து, பத்து, பதினைந்து என்று ஏறிக்கொண்டே போனேன். பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. அந்தக் கோடையில் முதன்முதலாகப் பயம் என்னை விட்டது. அப்பாவிடம் போய் எப்படிச் சொல்வேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். நாற்பதாவது கேள்விக்கு உச்சிவரியில் கறுப்படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒன்று என்று இருந்தது.

குனிந்து அடிவரியைப் பார்த்தேன். அங்கே நாற்பது இருந்தது.

உள்ளங்கால் இரண்டும் சில்லிட்டுப் போனது இன்றும் ஞாபகம் இருக்கிறது. மே மாதம், மேலே மின்விசிறிகூட இல்லை, எனக்குக் குளிர்ந்தது. கையைத் தூக்கி டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். கை எழவில்லை. எழுந்தால் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் வெளியே அனுப்புவார், வெளியே அப்பா நிற்கிறார். மணி அடித்தது. டீச்சர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, என்ன சுத்தமாகப் போட்டிருக்கிறாய் என்று பாராட்டினார்.

வாசலில் அப்பா, எல்லாம் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். கறுப்பு வெளியே போகவில்லையே என்றார். போகவில்லை, டீச்சரே பாராட்டினார் என்றேன். அவர் எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு!

முடிவு வரப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெண்ணின் தாளைப் பார்த்து அந்த டீச்சரே அசந்துவிட்டார் என்று. சாயப்பட்டறைக்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். காய்ச்சல் இறங்கியது, பயம் இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அடுப்படி வரை போனேன். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றித் திரும்பிவிட்டேன்.

பள்ளி வாசலில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று ஒரு டிசைன் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். விரலை வைத்து மூன்று முறை மேலும் கீழும் தேடினார். பக்கத்தில் ஒருவர் மகளைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா என் கையைப் பிடித்தார். என்னவோ விட்டுப்போயிருக்கிறது, உள்ளே போய்க் கேட்கலாம் என்றார். இப்போதாவது சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. நான் அவர் பின்னாலேயே உள்ளே போனேன்.

பிரின்சிபால் வயதானவர், சோடாபுட்டிக் கண்ணாடி. முதலில் முடியாது என்றார். அப்பா கைகட்டி நின்றபடி, என் பெண் தவறு செய்யமாட்டாள், ஒரே ஒருமுறை பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அவர் சலித்துக்கொண்டு விடைத்தாள் கட்டுக்குள்ளிருந்து என் தாளை உருவினார். கூடவே ஓர் அட்டையையும் எடுத்தார். விடைத்தாள் அளவுக்கு ஒரு தடித்த அட்டை. சரியான விடை இருக்கும் இடங்களில் மட்டும் ஓட்டை வெட்டியிருந்தது. அதைத் தாளின்மேல் வைத்தால், ஓட்டை வழியே கறுப்பு தெரிகிற இடமெல்லாம் ஒரு மார்க். அட்டையைப் பொருத்தி வைத்து அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டைகளில் எல்லாம் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நடுநடுவே கறுப்பு. எண்ணினார். ஒன்பது.

அப்பா அட்டையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க இதையே பார்த்த கண் அல்லவா? எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், மூன்று நொடி. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

அடி விழவில்லை. "சார், இத்த நான் தொடலாமா?" என்ற குரல்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அப்பா அட்டையைக் கையில் எடுத்திருந்தார். அதைச் சுற்றவில்லை, சுற்றினால் இடது வலதாகிவிடும். தோசையைப் புரட்டுகிற மாதிரி, மேல் ஓரம் கீழே வரும்படி அப்படியே புரட்டி, பின்பக்கம் தெரிய என் தாளின்மேல் வைத்தார். கட்டைவிரலால் ஒரு நூல் அளவு தள்ளிச் சரிசெய்தார். ஓட்டை ஓட்டையாகக் கறுப்பு தெரிந்தது. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். முப்பத்தைந்து.

"தப்பு எம்மேல சார். நான் தறிக்கு அட்ட குத்தறவன், நாங்க அடியிலேர்ந்துதான் படிப்போம். நான்தான் அடியில ஒண்ணு போட்டுப் பழக்கிட்டேன். பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

பிரின்சிபால் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். முப்பது வாங்கியவர்களுக்கே இடம் கொடுத்திருக்கிறோம் என்றார். ஆனால் பட்டியல் போட்டாயிற்று, இடம் நிறைந்துவிட்டது, தாளில் இருக்கிறபடிதான் நான் மார்க் போட முடியும், அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு எழுதட்டும் என்றார். பிறகு அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, இதைப் பிளேடால் வெட்டுகிறோம், ஓரமெல்லாம் பிசிறு, வருஷா வருஷம் நீங்கள் குத்தித் தருவீர்களா என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை.

"வேணாம் சார். அடுத்த வருஷம் எம் பொண்ணு எழுதும். விடை எங்கையில இருந்தா நல்லா இருக்காது."

பிரின்சிபால் எழுந்து நின்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். பெருமையான விஷயம்தான். ஆனால் அந்த அறையில் எனக்குக் கேட்டது இரண்டே வார்த்தை. அடுத்த வருஷம். இன்னொரு கோடை, இன்னொரு தாள், பின்னால் அப்பா, அந்த பிஸ்கட் டப்பா. அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தார். முனிசிபல் பள்ளியில் கையைக் காலைப் பிடித்தாவது சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த முறை மேலிருந்து பழகினால் நாற்பதுக்கு நாற்பது என்றார். பாதி வழி வந்திருப்போம். என்னை அறியாமல் வாய் திறந்தது.

"அந்த அட்டைய நீயே குத்துப்பா. நீ குத்தினா நான் எழுத வேணாம் இல்ல?"

சைக்கிள் நின்றது. அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தார். என் கை அவர் சட்டையைக் கசங்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தது. அதைப் பார்த்தார். "அவ்ளோ பயமாம்மா?" என்றார். அந்தக் கோடையில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. நான் தலையாட்டினேன். அவர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சைக்கிளை வந்த வழியே திருப்பினார்.

பிரின்சிபால் அறைக்குள் அவர் மட்டும் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "நான் குத்தித் தரேன் சார். பொண்ணு எழுதாது" என்று சொன்னது கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெஞ்சிலேயே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் அலையவிட்டு, தலைமையாசிரியை என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அடுத்த மே மாதம் பள்ளியிலிருந்து உறை போட்டு ஒட்டி விடைப்பட்டியல் வந்தது. அப்பா என்னை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் குத்தினார். அதற்கடுத்த மே மாதமும் அப்படித்தான், அதற்கடுத்ததும். நான்தான் எழுதப்போவதில்லையே, எதற்கு என்னை விரட்டுகிறார் என்று கோபம் வரும். அவர் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவார். நான் வாசலில் உட்கார்ந்து அந்த டொக் டொக்கைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் நான் எழுதட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உறையை அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பார், எனக்கு இப்போது தெரிகிறது. நான் கேட்கவில்லை. பயம்.

எட்டாவது முடித்த வருஷம், இனி அந்தப் பள்ளியில் பரிட்சை எழுதிச் சேர எனக்கு வகுப்பு இல்லை. அந்த மே மாதம்தான் அப்பா முதல்முறையாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குத்தினார்.